மெக்னீசியம் போதுமா, மாத்திரை வேண்டாமா?

கேள்வி: மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மெக்னீசியம் குறைந்தால் பதற்றம் வரும் என்று எலிகளிடம் கண்டுபிடித்திருக்கிறார்களாம். மாத்திரையை விட்டுவிட்டு மெக்னீசியம் எடுக்கலாமா?

பதில்: மாத்திரையை நிறுத்த வேண்டாம். நீங்கள் கேள்விப்பட்ட செய்தி உண்மைதான். ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் ஆய்வாளர்கள் 2004-ல் வெளியிட்டது அது. சுண்டெலிகளுக்குத் தேவையான மெக்னீசியத்தில் 10 சதவீதத்தை மட்டுமே சில வாரங்கள் கொடுத்தார்கள். நீரில் விட்டபோது அவை சீக்கிரமே நீந்துவதைக் கைவிட்டு மிதந்தன. வெளிச்சமான இடத்துக்கு வரவும் தயங்கின. நடமாட்டம் மட்டும் குறையவில்லை. ஆகவே இதை உடல் சோர்வு என்று ஒதுக்கிவிட முடியாது.

எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த பகுதி. டெசிப்ரமின் என்ற மனச்சோர்வு மருந்தைத் தொடர்ந்து கொடுத்தபோது, மெக்னீசியம் குறைந்த நிலையிலும், எலிகள் முன்போல நீந்தின. ஆனால் அந்த ஆய்வில் பதற்றத்தையும் சேர்த்துத் தணித்தது ஹைபெரிகம் என்ற மூலிகைச் சாறுதான். அதை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். மனச்சோர்வு மாத்திரைகளோடு சேர்ந்தால் ஆபத்து.

மெக்னீசியம் குறைந்தால் மனநிலை ஏன் மாறக்கூடும்? நரம்பணுக்களில் என்எம்டிஏ என்ற ஏற்பிகளின் வாயிலை மெக்னீசியம் அடைத்து நிற்கிறது. அது குறைந்தால் நரம்புகள் அளவுமீறித் தூண்டப்படலாம். ஆனாலும் சுண்டெலி மனிதனல்ல. பற்றாக்குறை இல்லாதவருக்குக் கூடுதல் மெக்னீசியம் உதவும் என்று இந்த ஆய்வு சொல்லவும் இல்லை.

கேழ்வரகு, கீரை, நிலக்கடலை, பூசணி விதை தாராளமாகச் சாப்பிடுங்கள். மெக்னீசிய மாத்திரை என்றால் மருத்துவரிடம் கேளுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.