மினி லேப்டாப் கொள்முதல்: மூடியில் உள்ள பெயரை நம்பலாமா?

மேட்டுப்பாளையம் மண்டியில் உருளைக்கிழங்கு எடுக்கிறவர் சாக்கின் மேல் அச்சடித்திருப்பதைப் படிப்பதில்லை. ஒரு கிழங்கைக் கையில் எடுத்து, ஒட்டியிருக்கும் மண்ணைப் பார்த்து, நகத்தால் தோலைச் சுரண்டி, இது ஊட்டிச் சரக்கு, இது கோலார், இது குஜராத் என்று சொல்லிவிடுவார். அதே மனிதர் கடைக்கு ஒரு சிறிய லேப்டாப் வாங்கப் போனால் மூடியில் மின்னும் பெயரைப் பார்த்து, விலையைக் கேட்டு, பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார். விற்கிற நாமும் பெரும்பாலும் அப்படித்தான் கொள்முதல் செய்கிறோம்.

பெயர் பெற்ற கம்பெனிச் சரக்கைப் பற்றி இங்கே பேச்சில்லை. அதிகம் கேள்விப்படாத பெயர்களில், பெரிய கம்பெனி விலையில் பாதிக்குக் கிடைக்கும் 11 அங்குல, 14 அங்குல மினி லேப்டாப்களைப் பற்றியே இந்தக் கட்டுரை. இவற்றில் நல்ல சரக்கும் உண்டு. ஆனால் ஒரே பெயர், ஒரே நிறம், ஒரே அட்டைப் பெட்டிக்குள் இரண்டு மூன்று விதமான எந்திரங்கள் இருக்கக்கூடும் என்பதைப் பலரும் அறிவதில்லை. நாங்களும் பணம் கொடுத்துத்தான் அறிந்தோம்.

2020-இல் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்து, வீட்டிலிருந்தே வகுப்பு நடந்தபோது லேப்டாப்புக்கு ஏற்பட்ட தட்டுப்பாடு நினைவிருக்கும். காரமடை, சிறுமுகை, அன்னூர்ப் பகுதிச் சில்லறைக் கடைக்காரர்கள் கேட்டுக்கொண்டதால், வெளியூர் மொத்த வியாபாரி ஒருவரிடம் 20 உருப்படி எடுத்தோம். அவர் காட்டிய மாதிரி நன்றாகவே ஓடியது. பில்லில் “மினி லேப்டாப் – 20” என்று ஒரே வரி. பத்து நாளில் எல்லாம் விற்றுவிட்டது. பிறகு ஒரு நாள் சிறுமுகைக் கடைக்காரர் வந்தார். ஒரே வீதியில் இரண்டு வீட்டுக்கு அவர் இரண்டு லேப்டாப் விற்றிருக்கிறார். பிள்ளைகள் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து படித்தபோது சார்ஜர்கள் மாறிவிட்டன. ஒரு லேப்டாப்பில் சார்ஜ் ஏறவில்லை. மற்றதில் புகை நாற்றம் வந்து நின்றுவிட்டது.

மெக்கானிக் தம்பி இரண்டையும் கழற்றிப் பார்த்தார். வெளிக்கூடு ஒன்றே, உள்ளே இருந்த போர்டுகள் வேறு வேறு. ஒன்று 5 வோல்ட் மின்சாரத்தில் ஓடுவது, மற்றது 12 வோல்ட். சார்ஜர் பின்னின் அளவோ இரண்டுக்கும் ஒன்றே. அதன் பிறகு கடைகளைக் கேட்டு ஒவ்வொன்றாக விசாரித்ததில், இருபதில் பதிமூன்று ஒரு விதம், ஏழு இன்னொரு விதம் என்று தெரிந்தது. சரக்குக் கொடுத்தவரைக் கேட்டோம். “பேரு ஒண்ணுதானுங்க, பொட்டியும் ஒண்ணுதானுங்க, நான் மாத்தியா குடுத்துட்டேன்?” என்றார். பில்லைப் பார்த்தால் அவர் சொன்னதும் சரிதான். கருகிய லேப்டாப்பின் விலை எங்கள் கணக்கில் ஏறியது.

இப்படி ஏன் நடக்கிறது? திருப்பூரைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே பனியன் கம்பெனி தைத்துக் கொடுப்பதில் யார் லேபிளை வைத்துத் தைக்கிறோமோ அது அவருடைய சரக்காகிவிடுகிறது. சீனாவின் ஷென்சென் நகரத் தொழிற்சாலைகளும் அப்படியே. கூடு செய்பவர் ஒருவர், போர்டு செய்பவர் இன்னொருவர், பொருத்துபவர் வேறொருவர். இந்த வாரம் எந்த பிராசசர் மலிவாகக் கிடைக்கிறதோ அந்தப் போர்டு உள்ளே போகும். பெயர் கடைசியில் ஒட்டப்படுவது.

இது புதிய வழக்கமும் அல்ல. 2008 வாக்கில் ஸ்கைடோன் ஆல்ஃபா 400 என்ற 7 அங்குல மினி லேப்டாப் வந்தது. இன்ஜெனிக் என்ற சீனக் கம்பெனியின் 400 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், 128 எம்பி நினைவகம். அதுவே இங்கிலாந்தில் எலோனெக்ஸ் ஒன்-டி என்ற பெயரிலும், ஜெர்மனியில் லெட்டக்ஸ் 400 என்ற பெயரிலும் விற்கப்பட்டது. அடுத்துவந்த வியா டபிள்யூஎம்8505 பிராசசர் வைத்த 7 அங்குலச் சரக்கில் விண்டோஸ் சிஇ இருந்தது. விண்டோஸ் என்ற சொல்லைப் பார்த்து, டேலி போட்டுக் கணக்கு எழுதலாம் என்று வாங்கினால் ஏமாற்றமே. அது வேறு இன விண்டோஸ், கம்ப்யூட்டருக்கான டேலி அதில் ஏறாது. நம் நாட்டிலும் ஒரே பெயரில் உள்ளடக்கம் மாறியதற்கு ஆகாஷ் பலகைக் கணினியைச் சொல்லலாம். 2011 அக்டோபரில் வெளியான முதல் ஆகாஷில் 366 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், 256 எம்பி நினைவகம். 2012 நவம்பரில் வந்த ஆகாஷ் 2-இல் 1 கிகாஹெர்ட்ஸ், 512 எம்பி. அதை அறிவித்துத்தான் மாற்றினார்கள். நம் சிக்கல் அறிவிக்காமல் மாறும் சரக்கோடுதான்.

இனி, பணம் கொடுக்குமுன் எதை எதைப் பார்ப்பது?

முதலில் சார்ஜரைப் பாருங்கள். செலவும் இல்லை, அரை நிமிட வேலை. சார்ஜரின் மேல் அவுட்புட் என்ற வரியில் வோல்ட், ஆம்பியர் இரண்டும் இருக்கும். லேப்டாப்பின் அடிப்புற லேபிளிலும் அதே வோல்ட் இருக்க வேண்டும். பத்துப் பெட்டி எடுத்தால் பத்தையும் திறந்து இந்த ஒன்றையாவது ஒப்பிட வேண்டும். இரண்டு பெட்டியில் வோல்ட் மாறினால் உள்ளே இரண்டு விதப் போர்டு என்று அங்கேயே தெரிந்துவிடும். நாங்கள் இப்போது லேப்டாப்பின் கடைசி நான்கு எண்ணைச் சிறு அட்டையில் எழுதி அதனதன் சார்ஜர் வயரில் கட்டியே அனுப்புகிறோம்.

அடுத்து பிராசசர். கைப்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் கணக்கில் எடுக்க வேண்டாம். ஸ்டிக்கர் தனியாகவே கிடைக்கும் பொருள். லேப்டாப்பை இயக்கி, டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியைத் திறந்தால் பிராசசரின் பெயரும் எண்ணும் வரும். விண்டோஸ் காட்டும் பெயரிலும் கைவைக்கக் கூடியவர்கள் இருப்பதால், சந்தேகம் வந்தால் பயாஸ் திரையிலும் பார்க்க வேண்டும், சிபியு-இசட் என்ற இலவச புரோகிராமிலும் பார்க்க வேண்டும். மூன்றும் ஒன்றையே சொல்ல வேண்டும்.

எண்ணில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். காசே அதில்தான் இருக்கிறது. இன்டெல் செலரான் என்3350 என்பது 2016-இல் வந்தது. செலரான் என்4020 என்பது 2019-இல் வந்தது. இரண்டிலும் இரண்டு கோர்தான், புழங்கும்போது வேகத்தில் பெரிய வேற்றுமை தெரியாது. ஆனால் விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொண்ட பிராசசர் பட்டியலில் என்4020 உண்டு, என்3350 இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை அவர்கள் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டார்கள். ஆகவே கடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அடையாளம் தெரியாத இரண்டில் ஒன்றுக்கு ஆயுள் பாக்கி, மற்றதற்கு முடிந்துவிட்டது. எங்கள் இருபதில் பதிமூன்று, முடிந்துபோன அந்த ரகம். 2023-இல் வந்த என்100-இல் நான்கு கோர், கடை பில்லிங்குக்குத் தாராளமாகப் போதும்.

சேமிப்பு இடத்தில்தான் கண்கட்டு வித்தை அதிகம். இந்த ரக லேப்டாப்களில் பலவற்றில் இருப்பது இஎம்எம்சி என்ற, போர்டிலேயே பற்றவைத்த சிப். எஸ்எஸ்டி என்று சொல்லி இதை விற்பார்கள். எஸ்எஸ்டி பழுதானால் பெரும்பாலும் கழற்றி மாற்றலாம், இஎம்எம்சி பழுதானால் போர்டுக்கே செலவு. 64 ஜிபி என்று சொன்ன இஎம்எம்சி விண்டோஸில் 58-க்குச் சற்று மேலாகக் காட்டும். அது ஏமாற்று அல்ல, கணக்கிடும் முறை வேறு, அவ்வளவே. 2016-இல் ஐபால் கம்பெனி 9,999 ரூபாய்க்குக் கொண்டுவந்த காம்ப்புக்கில் 2 ஜிபி நினைவகம், 32 ஜிபி இடம் என்று வெளிப்படையாக அறிவித்துத்தான் விற்றார்கள். வாங்குகிறவருக்கு எதிர்பார்ப்பு என்ன என்று தெரிந்திருந்தது. அடிமாட்டு விலையில் 1 டிபி என்று சொல்லி வருவதைத்தான் சோதிக்க வேண்டும். உள்ளே சிறிய சிப்பை வைத்துப் பெரிய அளவைக் காட்டும்படி செய்த சரக்கு உலகெங்கும் உலவுகிறது. பெரிய வீடியோ ஃபைல்களை இடம் நிரம்பும்வரை ஏற்றிவிட்டு, கடைசியாக ஏற்றியவற்றைத் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் உள்ளே இடம் இல்லை.

பேட்டரியில் 10,000 எம்ஏஎச் என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். 3.7 வோல்ட்டில் 10,000 எம்ஏஎச் என்பதும் 7.4 வோல்ட்டில் 5,000 எம்ஏஎச் என்பதும் ஒன்றே, இரண்டும் 37 வாட்-மணி. வாட்-மணியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

லேப்டாப்பின் உண்மையான பெயர் வேண்டுமென்றால் ஒரே ஒரு உருப்படியை, சரக்குக் கொடுப்பவரின் சம்மதத்தோடு, அடி மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். போர்டின் மேல் வெள்ளை எழுத்தில் ஓர் எண்ணும், பதிப்பு எண்ணும், பெரும்பாலும் தேதியும் அச்சாகியிருக்கும். பின்னால் ரிப்பேருக்கு உதவுவது இதுதான். மூடிப் பெயரை வைத்து இன்னொரு லேப்டாப்பின் விண்டோஸை நகல் எடுத்துப் போட்டால் டச்பேடோ வைஃபையோ சத்தமோ வேலை செய்யாமல் போகலாம். பயாஸை மாற்றிப் போட்டாலோ போர்டே செத்துவிடும். எனவே எதை அழிப்பதற்கு முன்னும் அந்தந்த லேப்டாப்பின் டிரைவர்களை ஒரு பென்டிரைவில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண்ணையும் பார்க்க வேண்டும். 2012-இல் வந்து 2021-இல் புதுப்பிக்கப்பட்ட கட்டாயப் பதிவு ஆணையின்படி லேப்டாப்புக்கு ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருந்தாக வேண்டும். பிஐஎஸ் கேர் என்ற கைப்பேசிச் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தத் தொழிற்சாலை, எந்தப் பொருள் என்று வரும். இதில் ஒரு தந்திரம் உண்டு. சார்ஜருக்கும் பேட்டரிக்கும் தனித்தனிப் பதிவு எண் உண்டு. சார்ஜரில் இருக்கும் எண்ணைக் காட்டி “பதிவு இருக்குதுங்க” என்பார்கள். லேப்டாப்பின் அடியில் உள்ள எண்ணைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் அந்த எண் சரியாக இருந்தாலும் உள்ளே எந்தப் போர்டு என்று அது சொல்லாது.

இவ்வளவு பார்த்தபின் பில் எழுதும் விஷயம். 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம், விவரம் சொல்லி விற்றால் சரக்கு அந்த விவரப்படி இருக்க வேண்டும் என்கிறது. மாதிரியும் காட்டி விவரமும் சொல்லியிருந்தால் சரக்கு இரண்டுக்கும் ஒத்திருக்க வேண்டும். ஆக நமக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது, ஆனால் விவரம் எழுத்தில் இருந்தால்தான் அதை நிரூபிக்க முடியும். “மினி லேப்டாப் – 20” என்பது விவரம் ஆகாது. பிராசசர் எண், நினைவகம், சேமிப்பு வகையும் அளவும், சார்ஜர் வோல்ட், சீரியல் எண்கள் அத்தனையும் பில்லிலோ அதோடு இணைத்த தாளிலோ வரவேண்டும்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்றால், திரும்ப விற்பதற்காக வாங்குகிறவரை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே கருதுவதில்லை. நம்மிடம் வாங்கியவர் நம் மேல் போகலாம், நாம் நமக்குக் கொடுத்தவர் மேல் அந்த வழியில் போக முடியாது. 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபின் இன்னொன்றும் சேர்ந்தது. பொருளால் தீங்கு நேர்ந்து, அதைச் செய்தவர் யாரென்றே தெரியாவிட்டால் விற்றவர் பொறுப்பேற்க வேண்டிவரும். பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, மாதம், ஆண்டு, எந்த நாட்டுச் சரக்கு என்ற விவரம் இல்லாத உருப்படியைத் தொடாமல் இருக்க இதுவே போதுமான காரணம்.

அதே சட்டத்தில், வேறொருவர் செய்த பொருளில் தன் பெயரைப் போட்டுக்கொள்பவரும் உற்பத்தியாளர் கணக்கில்தான் வருகிறார். இதைக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில நாட்களுக்கு முன் ஒரு ஏஜென்ட் வந்தார். நூறு உருப்படி எடுத்தால் மூடியில் எங்கள் கடைப் பெயரையே அச்சடித்துத் தருவதாகச் சொன்னார். சந்தோஷமாகத்தான் இருந்தது. உள்ளே எந்தப் போர்டு வரும் என்று கேட்டேன்.

“அப்போதைக்கு எது இருக்குதோ அது வருமுங்கய்யா” என்றார்.

காப்பி கொடுத்து அனுப்பி வைத்தோம்.