காயம் ஆறியதும் சதை வளர்வது ஏன் நிற்கிறது?



அறுப்பு வேலையில் அரிவாள் விரலில் பட்டுவிடுகிறது. பத்து நாளில் காயம் மூடிக்கொள்கிறது. மூடியதும் சதை வளர்வதும் நின்றுவிடுகிறது. "போதும், நிறுத்து" என்று அதற்கு யார் சொன்னார்கள்? புற்றுநோய்ப் பரிசோதனை பற்றிப் பேசிய கூட்டத்தில் ஒரு உறுப்பினர், "கட்டி மட்டும் எதுக்குங்க நிக்காம வளருது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது.

நம் உடம்பு கோடானுகோடி செல்களால் ஆனது. ஒரு செல் இரண்டாகப் பிரிந்துதான் புது செல் உண்டாகும். குடலின் உட்புறச் செல்கள் சில நாளுக்கு ஒருமுறை புதிதாகின்றன. மூளையின் நரம்புச் செல்கள் பெரும்பாலும் பிரிவதே இல்லை. தேவைக்கு ஏற்ற அளவுதான்.

குழுவில் ஒருவர் கடன் கேட்டவுடன் பணத்தைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறோமா? கூட்டத்தில் பேசி, தீர்மானம் எழுதி, கையெழுத்துப் போட்ட பிறகுதானே கொடுக்கிறோம். செல்லும் அப்படித்தான். பிரிவதற்கு முன் தன்னிடம் உள்ள 46 குரோமோசோம்களையும் அது நகல் எடுக்க வேண்டும். தொடங்கும் முன் ஒரு சோதனை: தேவை இருக்கிறதா, சத்து போதுமா, மரபணு சேதமில்லாமல் இருக்கிறதா? நகல் எடுத்த பின் இன்னொரு சோதனை. கடைசியாக, நகல்கள் இரண்டு பக்கமும் சரிசமமாகப் போகுமா என்று ஒரு சோதனை. ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டை வைத்துத்தான் லேலண்ட் ஹார்ட்வெல் இந்தச் சோதனை முறையைக் கண்டுபிடித்தார். 2001-ல் அவருக்கும் பால் நர்ஸ், டிம் ஹன்ட் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் காவலில் இரண்டு புரதங்கள் முக்கியம். ஆர்.பி. என்பது முதல் கதவின் பூட்டு. பி53 என்பது, மரபணு சேதமானால் வேலையை நிறுத்தி, பழுது பார்க்க அவகாசம் கொடுக்கும். பழுது தீராவிட்டால் அந்தச் செல்லையே சாகவிடும்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. கிருமி கை வைப்பது இந்த இரண்டிலும்தான். அதன் ஒரு புரதம் பூட்டை உடைக்கிறது, இன்னொன்று பி53-ஐ அழிக்கிறது. பிறகு கேட்பார் யார்? பிழையோடு பிழை சேர்ந்து செல் பெருகிக்கொண்டே போகிறது.

பயப்பட வேண்டாம். இந்தத் தொற்று பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு வருடத்தில் தானாகவே போய்விடும். போகாமல் தங்கிவிட்டாலும் புற்றுநோயாக மாற வழக்கமாக 15 முதல் 20 வருடம் ஆகும். அதற்குள் பிடித்துவிடலாம். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000 முதல் 2003 வரை, 30 முதல் 59 வயதுள்ள 31,000-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு, பயிற்சி பெற்ற செவிலியர்கள் ஒரே ஒருமுறை பரிசோதனை செய்தார்கள். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட கிராமங்களில் இந்த நோயால் இறந்தவர்கள், மற்ற கிராமங்களைவிட 35 சதவீதம் குறைவு என்று 2007-ல் முடிவு வெளியானது.

செய்வதும் சுலபம். வினிகரில் உள்ள அதே அமிலத்தை, தண்ணீர் கலந்து, பஞ்சில் தொட்டுக் கர்ப்பப்பை வாயில் வைப்பார்கள். கட்டுப்பாடில்லாமல் பெருகும் செல்கள் நெருக்கமாக இருப்பதால் ஒரு நிமிடத்தில் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். "வலிக்குமா? கர்ப்பப்பையை எடுத்துருவாங்களா?" இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். லேசாக எரியலாம், அவ்வளவுதான். வெள்ளை தெரிந்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. ஆரம்ப மாற்றமாக இருந்தால் அந்த இடத்தை மட்டும் குளிர்வித்தோ சூடுபடுத்தியோ சரிசெய்வார்கள், பெரும்பாலும் கர்ப்பப்பையை எடுக்கத் தேவையிருக்காது.

30 வயது கடந்தவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இது இலவசம். மாதவிலக்கு நாட்களைத் தவிர்த்துப் போங்கள். ஆனால் உறவுக்குப் பின்போ, மாதவிலக்கு நின்று வருடக்கணக்கான பின்போ ரத்தம் பட்டால், முகாம் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.