நகை என்னிடம், கடன் கணவரிடம்: குர்பானி யார் மீது?

கேள்வி: நாங்கள் ஹனஃபி மத்ஹபைச் சேர்ந்த குடும்பம். மதுரையை அடுத்த கீழக்குயில்குடி கிராமத்தில் வாடகைக்கு இருக்கிறோம். வருஷா வருஷம் பக்ரீதுக்கு என் கணவர் பெயரில் ஒரு கிடாய் கொடுப்போம். இப்போது அவருக்குச் சொத்தை மிஞ்சிய கடன். எனக்கு வருமானம் கிடையாது. அம்மா வீட்டில் போட்ட 12 பவுன் நகை மட்டும் இருக்கிறது. இந்த வருஷம் குர்பானியை விட்டுவிடலாமா? பக்கத்து வீட்டார் முஸ்லிம்கள் இல்லை. அவர்களுக்குக் கறி கொடுக்கலாமா?
- ஒரு வாசகி

பதில்: உங்கள் கணவர் விடலாம் சகோதரி. நீங்கள் விடக் கூடாது.

ஹனஃபி மத்ஹபில் குர்பானி குடும்பத்தின் மீதுள்ள கடமையல்ல. வசதியுள்ள ஒவ்வொருவர் மீதும் தனித்தனியே வாஜிப். அந்த வசதிக்கான குறைந்தபட்ச அளவான நிஸாப், தங்கத்தில் 87.48 கிராம். உங்கள் 12 பவுன் 96 கிராம் ஆகிறது. சீதனமாக வந்தாலும் அது உங்கள் சொத்துதான். கணவரின் கடனை அதில் கழிக்க முடியாது, உங்கள் சொந்தக் கடனைத்தான் கழிக்கலாம். ஸகாத்தைப் போல ஒரு வருடம் கையில் இருந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. துல்ஹஜ் 10 முதல் 12ஆம் நாள் சூரியன் மறைவதற்குள் நிஸாப் இருந்தால் போதும். மாத வருமானம் இல்லை என்பது இங்கே காரணமாகாது.

ஷாஃபிஈ மத்ஹபில் குர்பானி வலியுறுத்தப்பட்ட சுன்னத். வீட்டில் ஒருவர் கொடுத்தால் மற்றவர்களுக்கும் போதும். மதுரையில் இரு மத்ஹபினரும் கலந்து வாழ்வதால், ஷாஃபிஈ வீட்டு வழக்கத்தைப் பார்த்து ஹனஃபிகளான நம்மவர்களும் வீட்டுக்கு ஒரு கிடாய் என்று இருந்துவிடுகிறார்கள். பெண்களின் குர்பானி விடுபடுவது பெரும்பாலும் இப்படித்தான். எனக்கு இது மிகுந்த கவலை தருகிறது.

கையில் ரொக்கம் இல்லையென்றால் சிறு நகை ஒன்றை விற்கலாம். உங்கள் சம்மதத்தோடு உங்களுக்காக வேறொருவர் கொடுத்தாலும் நிறைவேறும். மாட்டில் ஏழில் ஒரு பங்கு சேர்வது செலவு குறைவு; ஆனால் தமிழ்நாட்டின் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி சான்றிதழ் பெற்ற மாடா என்று கேட்டுக்கொள்ளுங்கள். திருமங்கலம் ஆட்டுச்சந்தையில் வாங்குவதானால் வெள்ளாட்டுக்கு ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும். குருடு, நடக்க முடியாத நொண்டி, எலும்பும் தோலுமான ஆடு கூடாது. பிறவியிலேயே கொம்பில்லாதது கூடும்.

வாடகை வீட்டில் அறுக்க இடமில்லையென்றால் மதுரையில் ஒருவரை உங்கள் சார்பில் அறுக்கும் வகீலாக்குங்கள். அது நகரம் என்பதால் அங்கே பெருநாள் தொழுகைக்குப் பிறகே அறுக்க வேண்டும். தோலை அறுப்புக் கூலியாகக் கொடுக்காதீர்கள். அலீ (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் இதைத் தெளிவாகவே தடுத்தார்கள். கூலியைத் தனியே கொடுங்கள்.

பக்கத்து வீட்டாருக்குத் தாராளமாகக் கறி கொடுக்கலாம். ஹனஃபி மத்ஹபில் அதற்குத் தடையில்லை. அண்டை வீட்டாரின் உரிமை மதம் பார்த்து வருவதல்ல. நேர்ச்சைக் குர்பானியின் கறிதான் ஏழைகளுக்கு மட்டும் உரியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நகை உங்களிடம் இருந்த முந்தைய வருடங்களில் கணவர் பெயரில் மட்டுமே கொடுத்திருந்தால் உங்கள் கடமை நிலுவையில் நிற்கிறது. வருடத்துக்கு ஒரு நடுத்தர ஆட்டின் விலை என்று கணக்கிட்டு, முடிந்தபோதெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துத் தீர்த்துவிடுங்கள்.