ரணகள்ளி இலை உதிர்ப்பது தாகத்தாலா?

விடுதி ஜன்னலில் வேறு எது இருக்கிறதோ இல்லையோ, பெயிண்ட் டப்பாவில் ஒரு ரணகள்ளி இருக்கும். செங்கம் சுற்றுவட்டாரத்திலிருந்து வரும் நமக்கு அதன் இன்னொரு பெயர்தான் அதிகப் பழக்கம்: ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’. பள்ளி நாளில் இதன் இலையைப் புத்தகத்துக்குள் வைத்து, குட்டி முளைத்ததா என்று தினமும் திறந்து பார்க்காதவர் யார்? பிறந்த இடம் மடகாஸ்கர் தீவு என்றால் நம்பவே தோன்றாது. படிப்பை முடித்துப் போகும் சீனியர் அண்ணன்மார் ஜூனியருக்கு விட்டுச்செல்லும் சொத்து இரண்டு: ஒரு டிராஃப்டர், இந்தச் செடி.

ஐப்பசி, கார்த்திகை வந்தால் இரண்டாவது சொத்து கரைய ஆரம்பிக்கும். அடி இலை மஞ்சளாகும், தொட்டால் பொத்தென்று விழும். “பாவம், தாகம்டா” என்று ஒரு மக் தண்ணீர் ஊற்றுவோம். மறுநாள் இன்னும் இரண்டு இலை விழும். இன்னொரு மக். கடைசியில் மொட்டைத்தண்டு மிஞ்சும். உண்மையில் அது தாகமே இல்லை.

இதைப் புரிந்துகொள்ள 200 வருடம் பின்னால் போக வேண்டும். பெஞ்சமின் ஹெய்ன் என்ற ஜெர்மானியர் மொரேவிய மிஷனைச் சேர்ந்தவராகத் தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியில் தாவரவியல் வேலை பார்த்தவர். அவர் இந்த ரணகள்ளி இலையை வேளைக்கு வேளை மென்று பார்த்தார். காலையில் நல்ல புளிப்பு, நண்பகலில் சப்பென்று, மாலையில் லேசான கசப்பு. இதை அவர் கடிதமாக எழுத, லண்டன் லின்னேயன் சங்கம் 1815-இல் அச்சிட்டது.

காரணம் இதுதான். மற்ற செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமிலவாயுவை எடுக்கும். அதே வழியாகத் தண்ணீரும் ஆவியாகிப் போகும். ரணகள்ளி நைட் ஷிப்ட் பார்க்கிற ஆள். இரவில் திறந்து, எடுத்த வாயுவை மாலிக் அமிலமாக இலைக்குள் சேர்த்து வைக்கும். பகலில் கதவைச் சாத்திக்கொண்டு, அந்த அமிலத்திலிருந்து வாயுவைப் பிரித்து ஒளிச்சேர்க்கை செய்யும். நாம் மென்று பார்க்க வேண்டாம். இச்செடியில் இதயத்தைப் பாதிக்கும் நச்சுப்பொருள் உண்டு. ஆடு மாடுகள் மேயாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். நமக்குத்தான் கெமிஸ்ட்ரி லேப் இருக்கிறதே! விடியற்காலையில் ஓர் இலை, சாயங்காலம் ஓர் இலை நசுக்கி, பி.எச். தாளில் தொட்டுப் பாருங்கள். காலைச் சாற்றின் அளவு குறைவாக, அதாவது அமிலம் அதிகமாக, காட்டும்.

சிவில் நண்பர்களுக்குச் சாத்தனூர் அணையை வைத்துச் சொல்கிறேன். வெளியேற்றம் மிகக் குறைவு, வரத்து மட்டும் தினமும் ஒரு மக் என்றால் என்ன ஆகும்? அணைக்காவது மதகு உண்டு. ஓட்டையில்லாத பெயிண்ட் டப்பாவுக்கு? மண்ணின் இடைவெளியில் இருந்த காற்றைத் தண்ணீர் வெளியே தள்ளிவிடும். வேர் மூச்சுத்திணறி அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் ஈரமண்ணில் நிற்கிற செடியே வாடி, இலையை உதிர்க்கிறது. நாம் ‘தாகம்’ என்று ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

எனவே முதலில் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் இருந்து, இலை மஞ்சளாகக் கொழகொழவென்று இருந்தால் தண்ணீரை நிறுத்துங்கள். மண் காய்ந்து, இலை மெலிந்து சுருங்கியிருந்தால் அதுதான் நிஜ தாகம், தயங்காமல் ஊற்றலாம். தண்டு மட்டும் நெடுநெடுவென்று வளர்ந்து அடி இலை கொட்டினால் வெளிச்சம் போதவில்லை, ஜன்னலோரம் நகர்த்துங்கள். மேலே புது இலை நன்றாக வரும்போது அடியில் ஒன்றிரண்டு பழுத்து விழுந்தால் அது வயசு, விட்டுவிடுங்கள்.

அடித்தண்டு அழுகிவிட்டதா? அழுகல் இல்லாத இடத்தில் நுனியை வெட்டி, வெட்டுவாய் உலர இரண்டு மூன்று நாள் நிழலில் போட்டு, பிறகு ஆற்றுமணலும் செம்மண்ணும் கலந்து நடுங்கள். ஒர்க்ஷாப் போகும்போது டப்பாவைக் கொண்டுபோய் அடியில் நாலு ஓட்டை போட்டுக்கொள்வது முக்கியம்.

உதிர்ந்ததில் அழுகாத இலைகளைக் குப்பையில் போடாதீர்கள். லேசாக நனைந்த மணல்மேல் படுக்க வைத்தால் ஓரப் பள்ளங்களில் குட்டிகள் எழும்பும். ஜூனியர் பசங்களுக்கு ஆளுக்கொன்று கொடுக்கலாம், டிராஃப்டரைக் கொடுக்க மனசு வராதவர்கள் குறிப்பாக.