சுவை மாலையும் நன்கொடையும்

பார்க்கின்சன் நோயாளர்களுக்கு நிதி திரட்டும் உணவுச்சுவை மாலை ஒன்றுக்கு நுழைவுச்சீட்டு வாங்குகிறோம் என்று கொள்வோம். அந்நோயில் கை நடுக்கம் தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே மோப்ப உணர்வு குன்றிவிடுவதுண்டு. பின்னர் விழுங்குதலும் கடினமாகலாம். நாம் சுவைக்கும் உணவின் மணமே அவர்களுள் பலருக்கு எட்டாது.

அவர்களுக்கெனத் தரும் பணம் அவர்களையே சென்றடைய வேண்டும் அல்லவா? சீட்டின் விலையில் விருந்துச் செலவும் அடங்கும், அப்பகுதி நன்கொடையாகாது. எனவே நன்கொடையைத் தனியே, காசோலையாகவோ கணக்குப் பரிமாற்றமாகவோ அளிப்பதே நன்று. ரூ.2,000-க்கு மேல் ரொக்கமாகத் தந்தால், நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை கிட்டாது. (அரங்கில் உண்டியல் வலம் வரும்போது இது எளிதில் மறந்துபோகும்!) பழைய வரிமுறையைத் தேர்ந்தவர்க்கே அச்சலுகை உண்டு. நிறுவனம் அச்சலுகைக்கான ஒப்புதல் பெற்றதா என முன்னரே வினவி, நன்கொடைச் சான்றிதழையும் கேட்டுப் பெறலாம்.