தொழில் தெரிதல்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் இருப்புப்பாதையில், எண்ணூருக்கு வடக்கே அத்திப்பட்டு என்னும் ஊர் உள்ளது. வடசென்னை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் அங்கு வானளாவி நிற்கின்றன. 2001-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் எண்ணூர்த் துறைமுகம் இன்று காமராசர் பெயரைத் தாங்கி அண்மையில் விளங்குகின்றது.

இத்துணைத் தொழில் நிலையங்களுக்கு இடையே வாழும் இளைஞர்க்கு வேலை எளிதிற் கிட்டும் என்று எண்ணுதல் இயல்பே. ஆயின் உண்மை அவ்வாறன்று. நிலக்கரிச் சாம்பல் கழிமுகத்திற் படிந்தமையால், வலைவீசி வாழ்ந்தோரின் தொழில் குன்றியது. ஆலைகளோ பயின்ற கைகளையே நாடுகின்றன. தந்தையின் தொழில் தளர, புதுத் தொழிலின் வாயிலும் திறவாதிருப்பின் மகன் யாது செய்வான்? பள்ளிப் பருவத்திலேயே வழிகாட்டுதல் வேண்டும் என்பது இதனாலன்றோ!

திருவள்ளுவர் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். அரசர்க்குக் கூறிய அம்முறை, தொழில் தேரும் மாணவர்க்கும் பொருந்தும்.

முதற்கண் ஆராய்தல் வேண்டும். தோழன் சேர்ந்தான் என்பதற்காக ஒரு படிப்பிற் சேர்வது, ஊர் தெரியாமல் வண்டி ஏறுவதை ஒக்கும். கற்கும் காலம், செலவு, கற்றபின் கிட்டும் பணி ஆகியவற்றை முன்னரே கேட்டறிதல் நன்று.

அடுத்தது தன் வலி அறிதல். ஒருவர்க்குக் கணக்கு எளிது. மற்றொருவர்க்குக் கைவினை எளிது. இதில் உயர்வு தாழ்வு இல்லை. தொழிற்பயிற்சி நிலையத்தில் வெல்டர் தொழிலை ஓராண்டிலும், பிட்டர் தொழிலை ஈராண்டிலும் கற்கலாம். பத்தாம் வகுப்புத் தேறி ஈராண்டுப் பயிற்சி முடித்தவர் பாலிடெக்னிக்கின் இரண்டாம் ஆண்டில் நேரே சேரலாம். அங்குத் தேறியபின் பொறியியற் கல்லூரியிலும் புகலாம். ஏழை வீட்டுப் பிள்ளைக்குச் சுத்தியல், செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு நூல் என்று பிரிப்பது வழிகாட்டுதல் ஆகாது. பெண்மக்களுக்கு ஏற்ற தொழில் இவையே என்று வேலி இடுவதும் தகாது.

மூன்றாவது காலம் அறிதல். 1970-இல் தொடங்கிய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. ஒரு தலைமுறைக்குச் சோறளித்த தொழில் அடுத்த தலைமுறைக்கும் அளிக்கும் என்பது உறுதியன்று. ஆதலின் கற்றதோடு அமையாது, புதியன கற்கும் பழக்கமும் வேண்டும்.

நான்காவது இடன் அறிதல். தம் ஊரைச் சூழ்ந்த தொழிற்சாலைகளில் எவ்வெத் தொழிலறிந்தோர் தேவை என்பதை மாணவர் அறிதல் வேண்டும். 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம், உதவித்தொகை பெற்றுக்கொண்டே ஆலையில் தொழில் பழக வழி செய்துள்ளது. இதனை அறியாமல் இழப்பவர் பலர்.

இவற்றைத் தாமே அறிதல் இளையோர்க்கு அரிது. தமிழ்நாட்டரசு 2022-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாளில் ‘நான் முதல்வன்’ திட்டத்தைத் தொடங்கி, அரசுப் பள்ளி மாணவர்க்கு உயர்கல்வி, வேலைவாய்ப்புப் பற்றிய வழிகாட்டுதலை அளிக்கின்றது. எனினும் திட்டம் விளக்கை ஏற்றித் தருமேயன்றி, வழியை நடந்து தாராது. ஆசிரியரை அணுகி வினவுதலும், பெற்றோரிடம் தம் விருப்பத்தைப் பணிவுடன் எடுத்துரைத்தலும் மாணவர் கடன்; அதனைச் செவிமடுத்தல் பெற்றோர் கடன்.

அத்திப்பட்டின் ஆலைச்சங்கு நாள்தோறும் ஒலிக்கலாம். அவ்வொலி தம்மையும் அழைப்பதாக அவ்வூர்ப் பிள்ளைகள் உணரும் நாளே, அவ்வூர் உண்மையில் தொழில் வளம் பெற்ற நாளாகும்.