பிழை திருத்தக் கிளம்பும் தம்பிக்கு

ரெஸ்லிங் பாட்காஸ்ட் கேட்டுக்கொண்டே பஸ்ஸில் போகிறாய். பேசுகிறவர் ஒரு வருஷத்தைத் தப்பாகச் சொல்கிறார். ‘அய்யோ, அது தொண்ணூற்றேழு இல்லைய்யா’ என்று நீ வாய்விட்டுச் சொல்ல, பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிறார். இந்த வியாதி எனக்கும் உண்டு, தம்பி. ரொம்ப வருஷமாக உண்டு. தலை பாதி நரைத்த பிறகும் விடவில்லை.

அமெரிக்க ரெஸ்லிங் பாட்காஸ்ட்களில் பெரும்பங்கு பழங்கதைதான். புரூஸ் பிரிச்சர்டு, எரிக் பிஷாஃப், டோனி ஷியவோனி மாதிரி உள்ளே இருந்து வேலை பார்த்தவர்கள், முப்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு ராத்திரியை எடுத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசுவார்கள். அவ்வளவு பேசினால் தப்பு வரத்தான் செய்யும். அதைப் பிடித்து எழுதிப் போடும் நேயர்களும் ஊர் ஊருக்கு இருக்கிறார்கள். நீயும் அந்தக் கூட்டத்தில் சேரப்போகிறேன் என்கிறாய். தாராளமாகச் சேர். அதற்கு முன் சிலதைக் காதில் போட்டுக்கொள்.

1. முழுசாகக் கேட்டுவிட்டு எழுது. நாற்பதாவது நிமிஷத்தில் ஒரு தப்பைப் பிடித்து, சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு மெயில் அடித்து அனுப்பியிருக்கிறேன். ஐம்பத்திரண்டாவது நிமிஷத்தில் அந்த மனுஷனே ‘ஸாரி, முன்னாடி தப்பாச் சொல்லிட்டேன்’ என்று திருத்திக்கொண்டார். சோறும் ஆறிப்போனது.

2. எந்த வகைப் பொய் என்று பார். இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

கிரிக்கெட்டில் ஸ்கோர்போர்டு சொல்வதுதான் கணக்கு. ரெஸ்லிங்கில் ஸ்கோர்போர்டும் வேஷம் கட்டிக்கொண்டு நிற்கும். கதையை நிஜம்போல் காப்பாற்றும் அந்தக் கட்டுப்பாட்டுக்குத் தொழிலில் ‘கேஃபேப்’ என்று பெயர். ஆளின் உயரம், எடை, ஊர், உறவு எல்லாம் அதற்குள் அடக்கம்.

1987 மார்ச் 29-ஐ எடுத்துக்கொள். பான்டியாக் சில்வர்டோமில் மூன்றாவது ரெஸ்ல்மேனியா. வந்த கூட்டம் 93,173 என்று நடத்திய டபிள்யூ.டபிள்யூ.எஃப். கம்பெனி அறிவித்தது. இல்லை, 78,000 சொச்சம்தான் என்று ‘ரெஸ்லிங் அப்சர்வர்’ செய்திமடல் நடத்தும் டேவ் மெல்ட்சர் வருஷக்கணக்காகச் சொல்லிவருகிறார். பாட்காஸ்டில் ஒருவர் ‘93,173’ என்றால் அது பிழையா? அறிவித்த எண் என்ற அர்த்தத்தில் அட்சரசுத்தமாகச் சரி. அவர் எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று கேட்காமல் நீ பாய்ந்தால், தப்பு உன் பக்கம் வந்துவிடும்.

அதே ராத்திரி ஹல்க் ஹோகன் ஆந்த்ரே த ஜெயண்டைத் தூக்கிப் போட்டார். ஆந்த்ரேயைப் பதினைந்து வருஷமாக யாரும் ஜெயித்ததில்லை, யாரும் தூக்கிப் போட்டதில்லை என்று சொல்லிச் சொல்லித்தான் அந்த ஆட்டத்துக்கே ஆள் சேர்த்தார்கள். நிஜத்தில் 1984-ல் மெக்சிகோவில் கானெக்கிடம் ஆந்த்ரே தோற்றிருக்கிறார். 1986-ல் ஜப்பானில் அன்டோனியோ இனோக்கியிடம் தோற்றிருக்கிறார். தூக்கிப் போட்ட கதை இன்னும் வேடிக்கை. 1980 ஆகஸ்டில் நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் ஆந்த்ரேயைத் தூக்கிப் போட்டவர்களில் ஒருவர் இதே ஹோகன்தான். அப்போது அவர் வில்லன்.

இப்போது கவனி. ஒருவர் அந்த ஆட்டத்தின் கதையை விவரிக்கும்போது ‘தோல்வியே காணாத ஆந்த்ரே’ என்றால் விட்டுவிடு. அது அன்றைய வசனம். கூத்தில் ராஜா வேஷக்காரரிடம் போய் ‘நீ எந்த நாட்டுக்கு ராஜா?’ என்று கேட்பாயா? அதையே அவர் ஆந்த்ரேயின் வாழ்க்கை வரலாறாகச் சொன்னால் எழுது. அந்த ஆட்டம் முடிந்த கொஞ்ச நாளிலேயே ஆந்த்ரே செத்துப்போனார் என்று ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதில் கதையும் இல்லை, கேஃபேப்பும் இல்லை. ஆந்த்ரே இறந்தது 1993 ஜனவரியில், பாரிஸில். அதற்குத் தயங்காமல் எழுது.

நடக்காத போட்டிக்குத் திருத்தம் எழுதும் ஆபத்தும் உண்டு. முதல் இன்டர்கான்டினென்டல் சாம்பியன் பாட் பேட்டர்சன். 1979-ல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த டோர்னமென்டில் ஜெயித்தார் என்பது பதிவு. அப்படி ஒரு டோர்னமென்ட் நடக்கவே இல்லை. ‘ரியோ’ என்று யாராவது குரலை ஒரு மாதிரி இழுத்துச் சொன்னால் அது கிண்டல். அதற்கு ஆதாரத்தோடு மெயில் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

3. படம்பிடித்த நாள் வேறு, ஒளிபரப்பான நாள் வேறு. பாதிச் சண்டை இங்கேதான் முளைக்கிறது. மிக் ஃபோலி, அதாவது மேன்கைண்ட், முதல்முறை டபிள்யூ.டபிள்யூ.எஃப். பட்டம் ஜெயித்தது எப்போது? மாசசூசெட்ஸின் உஸ்டர் நகர அரங்கில் உட்கார்ந்திருந்தவருக்கு அது 1998 டிசம்பர் 29. வீட்டில் டிவி பார்த்தவருக்கு 1999 ஜனவரி 4. இரண்டு பேரும் சத்தியம் பண்ணுவார்கள், இரண்டும் உண்மை.

அந்த ஆறு நாள் இடைவெளியில்தான் ஒரு சரித்திரமே உட்கார்ந்திருக்கிறது. போட்டி கம்பெனியின் நைட்ரோ நிகழ்ச்சி அதே ஜனவரி 4-ல் நேரலை. அடுத்த சானலில் ஃபோலி ஜெயிக்கப்போகிறார் என்று அதில் ஷியவோனி போட்டு உடைத்தார், மேலிடத்து உத்தரவுப்படி. ஃபோலி ஜெயிப்பதைப் பார்க்கவே ஜனங்கள் சானலை மாற்றினார்கள். ஆகவே ‘டிசம்பர் இல்லை, ஜனவரி’ என்று எழுதினால் நீ திருத்தவில்லை, கதையின் முக்கால் பங்கை அழிக்கிறாய். இரண்டு தேதியையும் எழுது. நம்ம கிரேட் காளி பட்டம் ஜெயித்ததும் அப்படியே: டெக்சாஸின் லரேடோவில் படம்பிடித்தது 2007 ஜூலை 17, ஒளிபரப்பு ஜூலை 20.

4. ‘எத்தனை முறை’ என்றால், ‘யார் கணக்கில்’ என்று கேள். ரிக் ஃப்ளேர் 16 முறை உலக சாம்பியன் என்பது டபிள்யூ.டபிள்யூ.இ. கணக்கு. 1984 மார்ச்சில் நியூசிலாந்தின் வெலிங்டனில் ஹார்லி ரேஸிடம் ஃப்ளேர் பட்டத்தை இழந்து, சில நாளில் சிங்கப்பூர் காலாங்கில் திரும்ப வாங்கினார். சிங்கப்பூரில் அதை நேரில் பார்த்தவர்கள் உண்டு. இந்தக் கணக்கில் அது இல்லை. இப்படி விட்டுப்போனதையெல்லாம் சேர்ப்பவர்கள் இருபதைத் தாண்டிப் போவார்கள். 2025 ரெஸ்ல்மேனியாவில் ஜான் சீனா 17-வது முறை ஜெயித்து ‘சாதனையை முறியடித்தார்’ என்றபோது என் நண்பர் ஒருவர் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

1979-ல் தோக்குஷிமாவில் இனோக்கி பாப் பேக்லண்டிடம் ஜெயித்த டபிள்யூ.டபிள்யூ.எஃப். பட்டமும் அந்தக் கம்பெனிப் பட்டியலில் கிடையாது. நம் பக்கத்துக் கதை ஒன்றும் இருக்கிறது. 1968-ல் தாரா சிங் பம்பாயில் லூ தெஸ்ஸை ஜெயித்து உலக சாம்பியன் ஆனார் என்பார்கள். ஜெயித்தார். ஆனால் தெஸ் தன் என்.டபிள்யூ.ஏ. பட்டத்தை 1966 ஜனவரியிலேயே ஜீன் கினிஸ்கியிடம் விட்டிருந்தார். 1968 முழுக்க அது கினிஸ்கியின் இடுப்பில்தான். அதற்காகத் தாரா சிங்கை ‘பொய் சாம்பியன்’ என்று எழுதிவிடாதே. எந்த பெல்ட் என்று மட்டும் கேள்.

5. டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்று பெயர் இருந்த 2002-க்கு முந்தைய ஆட்டத்தை ‘டபிள்யூ.டபிள்யூ.இ.’ என்று சொன்னால் விடு. ஜப்பான் பெயர்களின் உச்சரிப்பையும் விடு. அதற்கெல்லாம் மெயில் போடுகிறவன் கல்யாண வீட்டில் சாம்பாருக்கு உப்பு சொல்லிக்கொண்டே இருப்பவன் மாதிரி.

6. விருந்தாளியின் ஞாபகத்தோடு மல்லுக்கு நிற்காதே. ஒரு காலத்தில் அந்த ஆட்டக்காரர்கள் வருஷத்தில் பாதிக்கு மேல் ராத்திரிகள் ரோட்டில்தான் இருந்தார்கள். ஊர் மாறும், ஆள் மாறும், மோட்டல் அறை மட்டும் ஒரே மாதிரி. அதோடு தலையில் நாற்காலி அடி. பிட்ஸ்பர்கில் அண்டர்டேக்கர் தன்னைக் கூண்டின் உச்சியிலிருந்து தள்ளிவிட்ட அந்த ஆட்டத்தில் பல பகுதிகள் தனக்கு நினைவே இல்லை என்று ஃபோலியே சொல்லியிருக்கிறார். அவர் மறந்ததை நாம் வீடியோவில் நூறு தடவை பார்த்திருக்கிறோம். அதனால் நாம் அதிகம் தெரிந்தவர்கள் ஆகிவிடவில்லை. தேதியைத் திருத்துவதானால் விருந்தாளியை விட்டுவிட்டு, குறிப்பு வைத்துக்கொண்டு பேசும் தொகுப்பாளருக்கு எழுது.

சிலதைத் திருத்தவே முடியாது. 1997 நவம்பர் 9, மான்ட்ரியலில் பிரெட் ஹார்ட்டை ஏமாற்றிப் பட்டத்தைப் பிடுங்கிய யோசனை யாருடையது என்று கேட்டால், ஒன்றுக்கு மேற்பட்ட கைகள் உயரும். அது சாட்சியம். பக்கத்தில் குறித்து வைத்துக்கொள், போதும்.

7. சின்னதாக எழுது. எனக்கு வந்த ஒரு வரைவில் ஒரு பையன் இப்படி ஆரம்பித்திருந்தான்: ‘உங்களைப் போன்றவர்கள் ஹோம்வொர்க் செய்யாமல் மைக் முன்னால் உட்காருவது...’ அதற்குமேல் யார் படிப்பார்கள்? அவன் சொன்ன விஷயம் சரிதான், அதுதான் வருத்தம். அதை இருவரும் உட்கார்ந்து மாற்றினோம்:

‘12-வது நிமிஷத்தில், மேன்கைண்ட் விழுந்ததுதான் முதல் ஹெல் இன் எ செல் என்றீர்கள். அது 1998 ஜூன் 28, பிட்ஸ்பர்க். முதலாவது 1997 அக்டோபர் 5, செயின்ட் லூயிஸ்; அண்டர்டேக்கர், ஷான் மைக்கேல்ஸ். கேன் முதல்முதலில் வந்து கூண்டுக் கதவைப் பிய்த்த ராத்திரி.’

கடைசி வரி அலங்காரத்துக்கு இல்லை. தேதியைப் பார்த்து யாருக்கும் ஞாபகம் வராது. கதவு பிய்ந்தது என்றால் வந்துவிடும். ‘அட, ஆமாம்ல’ என்று அவரே சொல்லிக்கொள்ள இடம் கொடு. கேஜ்மேட்ச் மாதிரி இணையத் தொகுப்பில் பார்த்திருந்தால் அதையும் சொல். கூடவே இன்னொரு இடத்திலும் சரிபார். ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிய பத்துப் பதிவுகள் ஒரே ஒரு சாட்சிதான்.

8. சாவு விஷயத்தில் குரலைத் தாழ்த்து. 1999 மே 23, கன்சாஸ் சிட்டி கெம்பர் அரீனாவில் கூரையிலிருந்து இறக்கும்போது விழுந்து ஓவன் ஹார்ட் இறந்தார். அவருக்கு மனைவி, இரண்டு குழந்தைகள். யாராவது விவரத்தைத் தப்பாகச் சொன்னால் திருத்தத்தான் வேண்டும், இரண்டே வரியில். வினாடி வினாவில் கைதூக்குகிற தோரணை அங்கே வேண்டாம்.

9. நீயும் தப்பு செய்வாய். என்னுடையதைச் சொல்கிறேன்.

கேபிள் டிவி வந்த புதிதில் எங்கள் ஸ்கூலில் எல்லார் பையிலும் டபிள்யூ.டபிள்யூ.எஃப். ட்ரம்ப் கார்டு இருந்தது. உயரம், எடை, மார்பளவு, ரேங்க். கார்டில் அச்சடித்திருந்தால் அது வேதவாக்கு. கார்டில் இல்லாததை சீனியர் அண்ணன்கள் சொல்வார்கள். அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர், சவப்பெட்டியில் வைத்துப் பூட்டினாலும் திரும்பி வருவார், ஒருதடவை இரண்டு அண்டர்டேக்கர் வந்து அவர்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டார்கள். எட்டாம் வகுப்பு வரை நம்பினேன். அப்புறம் எல்லாமே கப்சா என்று தெளிந்து, அந்தத் தெளிவில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் வந்தது.

ரொம்ப வருஷம் கழித்து ஒரு பாட்காஸ்டில் ஒருவர் அந்த இரண்டு அண்டர்டேக்கர் கதையைச் சொன்னார். விடுவேனா? ‘ஐயா, இது நாங்கள் பள்ளிக்கூடத்தில் கட்டிவிட்ட புரளி’ என்று ஒரு பக்கத்துக்கு எழுதினேன். தேடிக்கூடப் பார்க்கவில்லை. 1994 ஆகஸ்ட் 29, சிகாகோ யுனைடெட் சென்டர், சம்மர்ஸ்லாம். டெட் டிபியாசி கூட்டிவந்த டூப்பு அண்டர்டேக்கர் பிரையன் லீ, நிஜ அண்டர்டேக்கரோடு மோதினார். அதுதான் அன்றைய கடைசி ஆட்டமே.

அடுத்த வாரம் அந்தத் தொகுப்பாளர் என் மெயிலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசித்தார். அதற்கு முன் நான் சரியாகத் திருத்தி அனுப்பிய பதினோரு மெயிலில் ஒன்றைக்கூட அவர் வாசித்ததில்லை.